டேட்டாபேஸ் எழுந்திரிக்கலைன்னா முதல்ல டிஸ்க்கைப் பாரு

பாப்பாவுக்கு,

மெசேஜ் போட்டா பாக்குற, பதில்தான் வரலை, அதனால மெயில்ல எழுதறேன். நீளமாத்தான் இருக்கும், நேரம் கெடைக்கறப்போ படி. இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்ப பரவாயில்லை. மத்ததெல்லாம் அண்ணன் சொல்லியிருப்பான்.

உன் பிளாக் திறக்க மாட்டேங்குது. காலைல எழுந்ததும் நான் முதல்ல திறக்கறது அதைத்தான்னு உனக்குத் தெரியும். முதல்ல ரொம்ப ஸ்லோவா வந்துச்சு, அப்புறம் பாதிப் பக்கம் வந்து நின்னுது, இப்ப டேட்டாபேஸோட கனெக்‌ஷன் கெடைக்கலைன்னு வெள்ளைப் பக்கத்துல ஒரே ஒரு வரி. உன் கண்ணுல படாம இருந்திருக்காது. வேலை அதிகம்னு நினைச்சுக்கறேன்.

அந்த வரியப் பாத்து எழுதினதெல்லாம் போச்சுன்னு நினைச்சுடாத. உன் பிளாக்கை ஓட்டற வேர்ட்பிரஸ், பதிவெல்லாம் இருக்கற டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல்லைக் கூப்பிடுது, அது பதில் சொல்லலை, அவ்வளவுதான், உள்ள இருக்கறது பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். டபிள்யூபி-கன்ஃபிக் ஃபைல்ல டேட்டாபேஸ் பேரு, யூசர், பாஸ்வேர்டு, ஹோஸ்ட்னு நாலு இருக்கும், அதை நீ தொடலைன்னா அங்க பிரச்சனை இருக்காது. ஸ்லோவாகி ஸ்லோவாகி நின்னிருக்கு பாரு, அதனால எனக்கு சந்தேகம் டிஸ்க் மேலயும் மெமரி மேலயும்தான். பேக்கப் பிளகின் ஒண்ணு போட்டிருந்தல்ல, அது ஜிப் ஃபைலை அதே சர்வர்லயே அடுக்கிக்கிட்டே போகும். மைஎஸ்கியூஎல் 8-ல பைனரி லாக், அதாவது டேட்டாபேஸ்ல நடக்கற ஒவ்வொரு மாத்தத்தோட பதிவு, தானாவே ஆன்ல இருக்கும், நாம எதுவும் சொல்லலைன்னா 30 நாள் வரைக்கும் வச்சிருக்கும், சின்ன டிஸ்க்குக்கு அதுவே போதும் நெரம்பறதுக்கு. டிஸ்க்ல இடம் இருந்தா கெர்னல் லாக்கை (லினக்ஸ் தன்னைப் பத்தி எழுதி வைக்கற குறிப்பு) பாரு, மெமரி பத்தாம லினக்ஸே மைஎஸ்கியூஎல்லைக் கொன்னிருக்கும். லாகின் பக்கத்தையும் எக்ஸ்எம்எல்-ஆர்பிசியையும் (வெளி ஆப் வேர்ட்பிரஸோட பேசற வழி) பாட்னு சொல்ற தானியங்கி புரோகிராம் எல்லாம் வந்து அடிச்சுக்கிட்டே இருந்தா, வேர்ட்பிரஸை ஓட்டற பிஎச்பி ப்ராசஸ் பெருகி அப்படி ஆகும். ப்ராசஸ் எண்ணிக்கைக்கு ஒரு லிமிட் வை, மெமரி பத்தாதப்போ உதவ டிஸ்க்ல கொஞ்சம் ஸ்வாப் போடு.

ஒண்ணு மட்டும் கெட்டியா ஞாபகம் வச்சுக்கோ. இடம் வேணும்னு மைஎஸ்கியூஎல் ஃபோல்டருக்குள்ள போயி ஐபிடேட்டா ஃபைலையோ (டேட்டாபேஸோட சொந்த ஃபைல்) பைனரி லாக் ஃபைலையோ கையால அழிச்சுடாத. முதல்ல பழைய ஜிப்பை லேப்டாப்புக்கு இறக்கிட்டு அங்கேர்ந்து அழி, பழைய சிஸ்டம் லாக்கை அழி, மைஎஸ்கியூஎல் எழுந்ததும் பைனரி லாக்கை அழிக்க அதுக்குள்ளேர்ந்தே பர்ஜ் கமாண்டு குடு. எழுந்த உடனே வேற எதையும் தொடாம ஒரு டம்ப் எடு, அதாவது டேட்டாபேஸ் மொத்தத்தையும் ஒரே ஃபைலா. அப்லோட்ஸ் ஃபோல்டரையும் சேத்து எடு, டம்ப்புல எழுத்துதான் வரும், படம் வராது. ரெண்டும் உன் லேப்டாப்புக்கு வந்து சேரணும், சர்வர்லயே கெடந்தா அது பேக்கப் இல்லை.

உன் பிளாக்கோட தீம், அதாவது தோற்றம், அதை நினைச்சாலும் எனக்கு பெருமையாத்தான் இருக்கு. மேல்விலங்கு, புள்ளி எதுவும் மேல வரியோட முட்டாம லைன் ஹைட்டை ஏத்தி, தமிழ் எழுத்துக்கு மட்டும் தனியா ஃபான்ட் வர்ற மாதிரி யூனிகோட் ரேஞ்ச் குடுத்து, எத்தனை ராத்திரி உக்காந்து பண்ணின, என் வயசு ஆளுங்க கண்ணாடி இல்லாமயே படிக்கறாங்க. ஆனா அதையெல்லாம் ஒரிஜினல் தீமோட ஃபைல்லயே எழுதி வச்சிருக்க. சைல்டு தீம் (ஒரிஜினலைத் தொடாம மாத்தத்தை மட்டும் தனியா வைக்கற தீம்) போடு, சைல்டு தீம் போடுன்னு அப்பவே சொன்னேன், கேக்கலை. ஒரு அப்டேட் வந்தா அத்தனையும் அடிச்சுட்டுப் போயிடும். இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலை, மாத்தின ஃபைலை எல்லாம் தனியா எடுத்து வை.

சர்வர் மாத்தணும்னா இதான் நேரம். நீ 2015-க்கு முன்னாடியே ஆரம்பிச்சவ, வேர்ட்பிரஸ் 4.2-லதான் யூடிஎஃப்8எம்பி4 (எல்லா மொழி எழுத்தையும் வைக்கற முறை) வந்துச்சு, பழைய டேபிள் ஏதாவது லத்தீன்-1ல (ஐரோப்பிய எழுத்துக்கான பழைய முறை) கெடந்தா டம்ப் எடுத்து ஏத்தும்போது தமிழ் முழுக்க ஐரோப்பிய எழுத்துக் குப்பையாத் தெரியும். தெரிஞ்சா உடனே நிறுத்து, அதுக்கு மேல எதையும் சேவ் பண்ணாத, கேரக்டர் செட்டைச் சரியாக் குடுத்து திருப்பி டம்ப் எடுத்தா வந்துடும். ஒவ்வொரு பதிவா காப்பி பேஸ்ட் பண்ணலாம்னு மட்டும் உக்காராத. தமிழ்த் தலைப்புல ஒவ்வொரு குறியும் ('க்'னா க, புள்ளின்னு ரெண்டு குறி) லிங்க்ல 9 கேரக்டரா மாறும், அந்த ஃபீல்டு மொத்தமே 200 தான், அதனால உன் நீளத் தலைப்பெல்லாம் லிங்க்ல அதிகபட்சம் 22 குறியோட வெட்டுப்பட்டு நிக்குது. புதுசா ஒட்டினா அதே லிங்க் வரும்னு சொல்ல முடியாது. டேட்டாபேஸை முழுசா தூக்கிட்டுப் போனா லிங்க்கும் கூடவே வரும். டிஎன்எஸ்ல (பேரு எந்த சர்வருக்குப் போகணும்னு சொல்ற பட்டியல்) டிடிஎல்லை (பழைய பதிலை மத்தவங்க எத்தனை விநாடி ஞாபகம் வச்சுக்கலாங்கறது) முன்கூட்டியே 300-க்கு இறக்கிடு, லேப்டாப்புல மட்டும் அந்தப் பேரைப் புது சர்வருக்குத் திருப்ப ஹோஸ்ட்ஸ் ஃபைலை மாத்தி புது சர்வரை நீ மட்டும் பாத்துக்கோ, திருப்தியான அப்புறம் ஊருக்குத் திற. முகப்பு வந்து பதிவெல்லாம் 404 (பக்கம் காணோம்) ஆச்சுன்னா லிங்க்கைப் பதிவோட சேக்கற ரீரைட் ரூல்தான் காரணம், வேர்ட்பிரஸ் செட்டிங்ஸ்ல பெர்மாலிங்க் பக்கத்துல போயி ஒரு தடவை சேவ் குடு. பழைய சர்வரை உடனே அழிச்சுடாத.

பிளாக்கோட டொமைன், அதாவது வெப் முகவரிப் பேரையே மாத்தப் போறேன்னு போன தடவை சொன்ன. அது உன் இஷ்டம், எங்க யாருக்கும் அதுல வருத்தம் கிடையாது, நீ அப்படி எதுவும் நினைச்சுக்காத. மாத்தறதா இருந்தா டம்ப் ஃபைலைத் திறந்து பழைய பேரைத் தேடி புதுசு போடாத, செட்டிங்ஸ் எல்லாம் இத்தனை பைட்னு நீளத்தோட சேந்து எழுதியிருக்கும், நீளம் தப்பினா அந்த செட்டிங்கையே வேர்ட்பிரஸ் படிக்காது. டபிள்யூபி-சிஎல்ஐல (வேர்ட்பிரஸை கமாண்டுல ஓட்டற கருவி) சர்ச் ரீப்ளேஸ் இருக்கு, முதல்ல எதையும் மாத்தாம பாக்கற ட்ரை ரன் ஓட்டு, ஜியூஐடியை (ஒவ்வொரு பதிவோட நிரந்தர அடையாளம்) விட்டுடு, அதை மாத்தினா ஃபீட் ரீடர்ல படிக்கறவங்களுக்கு பழசெல்லாம் புதுப் பதிவா போயி விழும். பழைய பேருலேர்ந்து புதுசுக்கு 301 (நிரந்தரமா திருப்பி விடறது) போடு. பழைய டொமைனை விட்டுடாத.

டொமைன்னு சொன்னதும் ஞாபகம் வருது, உண்மையைச் சொன்னா இதைக் கேக்கத்தான் உக்காந்தேன். அந்த டொமைன் எந்த மெயில் ஐடியில இருக்கு? பழைய ஆபீஸ் ஐடியா? நீ அங்கேர்ந்து வந்துட்டன்னு அண்ணன் சொன்னான். ஏன்னு நான் கேக்கலை, அம்மா கேக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கா. ஆனா ரினியூவல் ஞாபகப்படுத்தற மெயில் ஒரு மாசம் முன்னாடி ஒண்ணு, ஒரு வாரம் முன்னாடி ஒண்ணு அந்த ஐடிக்குத்தான் போகும். பிளகின் உடைஞ்சா வேர்ட்பிரஸ் அனுப்பற ரெகவரி லிங்க்கும் அட்மின் மெயிலுக்குத்தான் போகும். சைட்டோட பாதுகாப்பு சர்டிஃபிகேட்டை இலவசமா தர்ற லெட்ஸ் என்க்ரிப்ட், அது முடியப் போகுதுன்னு மெயில் அனுப்பறதையே 2025 ஜூனோட நிறுத்திட்டாங்க. யாரும் உன்கிட்ட எதுவும் சொல்லப் போறதில்லை பாப்பா. டாட் காம் மாதிரி பேரு காலாவதியானா 45 நாள் வரைக்கும் சாதாரணமா புதுப்பிக்க விடலாம், ஆனா அத்தனை நாளும் தரணும்னு டொமைன் விக்கிற ரிஜிஸ்ட்ராருக்கு கட்டாயம் இல்லை, அவங்க டெலீட் பண்ணிட்டா அப்புறம் 30 நாள் நெறைய காசு கட்டி மீட்கலாம், அதையும் விட்டா 5 நாள்ல யார் வேணா எடுத்துக்கலாம். இன்னிக்கே போயி மெயில் ஐடியை மாத்து. வேற எதுவும் செய்யலைன்னாலும் அதைச் செய்.

நீ பப்ளிஷ் பண்ணினது எல்லாம் என் ஃபீட் ரீடர்ல இருக்கு, பழைய வெப் பக்கங்களைச் சேத்து வைக்கற வேபேக் மெஷின்லயும் நெறைய பக்கம் பாத்தேன். அதைப் பத்தி எனக்குக் கவலை இல்லை. நீ டிராஃப்ட்ல வச்சிருக்கறது, எழுதி எழுதி நிறுத்தினது, அது அந்த சர்வரைத் தவிர வேற எங்கயும் கிடையாது. இந்தக் கொஞ்ச நாளா நீ எழுதாம இருந்திருக்க மாட்டன்னு எனக்குத் தெரியும், வெளிய விடாம இருந்திருப்ப. அதுக்காகவாவது டம்ப் எடு.

நேரமோ மனசோ இல்லைன்னா என்கிட்ட விடு. இத்தனை வருஷம் ஆபீஸ்ல டேட்டாபேஸ்தானே பாத்தேன். பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம், என் பப்ளிக் கீயை (பாஸ்வேர்டு இல்லாம சர்வருக்குள்ள வர்ற சாவி) இதோட வச்சிருக்கேன், சர்வர்ல ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைல்ல கடைசி வரியா சேத்துடு, நான் பேக்கப் எடுத்து சைட்டை எழுப்பிட்டு சொல்றேன், அப்புறம் அந்த வரியை அழிச்சுடு. எதையும் திறந்து படிக்க மாட்டேன், டிராஃப்ட்டை நிச்சயமா படிக்க மாட்டேன். ஒருவேளை நீயே வேணும்னுதான் மூடி வச்சிருக்கன்னா அதையும் சொல்லு, காரணம் சொல்ல வேண்டாம், மூடினேன்னு மட்டும் சொன்னா போதும். அப்பவும் டம்ப் எடுத்துட்டு மூடு.

அம்மா ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவா. எடு.

அப்பா