களத்து வீட்டை வாங்கும் முன்

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய படங்களை நானும் அம்மாவும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். இங்கிலாந்தில் ஹெப்டன் பிரிட்ஜ் ஊருக்கு மேலே இப்படி ஒரு கல்வீட்டை நீயும் மாப்பிள்ளையும் தேர்ந்தெடுத்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். பழைய கட்டடங்களோடு வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

இது லெய்த் ஹவுஸ். வீடு, களஞ்சியம், மாட்டுத் தொழுவம் மூன்றும் ஒரே நீளக் கூரையின் கீழே. பெனைன் மலைச் சரிவுகளில் 17ஆம் நூற்றாண்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டு வரை இப்படிக் கட்டினார்கள். விளைச்சல் போதாத நிலம், அதனால் விவசாயியே கம்பளியும் நெய்தான். வீட்டுப் பகுதியில் கல் சட்டங்களுக்கு நடுவே வரிசையாக ஜன்னல்கள் இருக்கின்றன பார், தறிக்கு வெளிச்சம் வேண்டுமென்று வைத்தவை.

இப்போது தனி வீடாகப் பிரித்து, நீ வாங்கக் கேட்டிருக்கும் பகுதிதான் அந்தக் களஞ்சியம். பெரிய வளைவு வாசல் வழியாக வைக்கோல் வண்டி சுமையோடு உள்ளே வரும். எதிர்ச்சுவரில் சின்னக் கதவு. இரண்டையும் திறந்துவிட்டால் குறுக்கே காற்று ஓடும், நடுவில் கதிரடித்துத் தூற்றுவார்கள். அந்தக் களம்தான் உன் வரவேற்பறை! வளைவைக் கல்லால் அடைக்காமல், கண்ணாடியை ஓரடி உள்ளே தள்ளி வைத்திருக்கிறார்கள். நல்ல ரசனை. சுவரில் தெரியும் ஒல்லியான பிளவுகள் வைக்கோலுக்குக் காற்று போக விட்டவை. அவற்றை ஜன்னலாக அகலப்படுத்த ஆசைப்படாதே.

சுவர்தான் எனக்குக் கவலை. உள்ளே ஒரு கல்வரிசை, வெளியே ஒன்று, நடுவில் உடைகல். அங்கங்கே குறுக்கே போகும் நீளக் கற்கள் இரண்டையும் பிடித்திருக்கும். சுவருக்குள் போகும் ஈரம் சுண்ணாம்புக் காரை வழியாக வெளியேற வேண்டும். மூன்றாவது படத்தில் கல் இடுக்குகள் சாம்பல் நிறத்தில் இறுகிக் கிடக்கின்றன, சிமெண்ட் மாதிரி தெரிகிறது. சிமெண்ட் என்றால் ஈரம் கல்லுக்குள்ளேயே தங்கும், பனிக்காலத்தில் கல்லின் முகம் செதில் செதிலாக உரியும். சுரண்டி எடுத்துச் சுண்ணாம்பு பூச என்ன செலவாகும் என்று கேட்டுவிட்டு விலை பேசு.

அப்புறம், வீட்டைப் பிரித்தாலும் கூரை ஒன்றுதான். பக்கத்து வீட்டுக்காரர் கூரையின் கல் ஓடுகளை மாற்றாமல் விட்டால் உன் சுவரில் நீர் இறங்கும். பொதுச்சுவரில் கை வைப்பதற்கு 1996ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, கூரைச் செலவை யார் ஏற்பது என்பதைப் பத்திரத்தில் பார்க்க வேண்டும். உன் படுக்கையறையில் ஒரு பகுதி அவர்கள் சமையலறைக்கு மேலே வருகிறதா? அப்படியென்றால் கடன் தரும் வங்கி தயங்கலாம், பத்திர வேலை பார்க்கும் வக்கீலிடம் (சொலிசிட்டர்) முதலிலேயே சொல்லிவிடு.

கட்டடம் பழமையான கட்டடங்களுக்கான கிரேடு 2 பாதுகாப்புப் பட்டியலில் இருப்பதாகச் சொன்னாய். அந்தப் பாதுகாப்பு உள்பக்கத்துக்கும் சேர்த்துத்தான். முன்பு இருந்தவர் அனுமதி வாங்காமல் செய்த மாற்றத்தைச் சரிசெய்யச் சொல்லி கவுன்சில் உன்னிடம் வந்து நிற்கலாம். மாடிப்படிக்கும் கூரை ஜன்னலுக்கும் அனுமதிக் கடிதம் கேள்.

சனிக்கிழமை கட்டடத்தைச் சோதிக்க சர்வேயர் வரும்போது நானும் வருகிறேன். ஏணியும் டார்ச்சும் கொண்டு வருகிறேன், பரண் கதவை மட்டும் திறந்து வைக்கச் சொல்.

அன்புடன்,
அப்பா