'செட்'டா, 'செஸ்'ஸா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் கதை எழுதிப் பழகுகிறவர்களுக்காக நீங்கள் வெளியிட்ட கட்டுரையில், உரையாடலுக்குப் பின்னால் 'செட்' (said, சொன்னாள்), 'செஸ்' (says, சொல்கிறாள்) எது வேண்டுமானாலும் வரலாம், காதுக்கு இதமாக இருந்தால் போதும் என்று ஒரு வரி இருந்தது. கட்டுரை நன்றாகவே இருந்தது, ஆனால் அந்த ஒரு வரியை என்னால் ஏற்க முடியவில்லை.

மேற்கோள் குறிக்குள் இருப்பது பாத்திரத்தின் பேச்சு, வெளியே இருப்பது கதைசொல்லியின் பேச்சு. 'செட்' வெளியே நிற்கிறது, அதனால் கதைசொல்லி எந்தக் காலத்தில் கதையை நடத்துகிறாரோ அதே காலம்தான் அதற்கும். 'ஷி ஓபன்ட் த டோர். "இட் இஸ் ரெய்னிங்," ஷி செஸ்.' இந்த மாதிரி எழுதியதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். ஏன் இப்படி என்று கேட்டால், மழை இன்னும் பெய்துகொண்டுதானே இருக்கிறது என்பார்கள். பெய்கிறது சரி, அது அவளுக்கு, அதனால்தான் குறிக்குள் 'இஸ்' இருக்கிறது. கதையைச் சொல்கிறவருக்கு அவள் கதவைத் திறந்ததும் முடிந்துபோனது, பேசியதும் முடிந்துபோனது. அங்கே 'செட்' தவிர வேறு எதுவும் பொருந்தாது.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், பாதி வகுப்பறையிலிருந்துதான் என்று தோன்றுகிறது. ஒரு நாடகத்தைப் பற்றிக் கட்டுரை எழுதும்போது 'ஹாம்லெட் செஸ்' என்று நிகழ்காலத்தில் எழுதத்தான் சொல்லித்தருகிறார்கள். கட்டுரைக்கு அது சரியான மரபு, அந்தப் பழக்கம் அப்படியே கதைக்குள்ளும் நுழைந்துவிடுகிறது. ஆங்கிலச் செய்தித்தாளிலும் தலைப்பில் 'செஸ்' என்று போட்டுவிட்டு, கீழே செய்தியில் 'செட்' என்று எழுதுவார்கள். இரண்டையும் தினமும் பார்க்கிற கண்ணுக்கு, கலந்து எழுதினால் தப்பு என்றே தெரியாமல் போகிறது. தமிழில் 'என்றான்', 'என்கிறான்' என்று மாறி மாறி வந்தாலும் நாம் பெரிதாக உறுத்தல் இல்லாமல் வாசித்துவிடுகிறோம், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நிகழ்காலமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கதை முழுக்க நிகழ்காலத்தில் நடந்தால் 'செஸ்' அழகாகவே உட்காரும். இரண்டையும் ஒரே நாவலில் கொண்டுவந்தவர்களும் உண்டு: 1852, 53-ல் தொடராக வந்த டிக்கென்ஸின் 'ப்ளீக் ஹவுஸ்' நாவலில் ஒரு கதைசொல்லி நிகழ்காலத்தில் சொல்கிறார், எஸ்தர் என்ற பெண் இறந்தகாலத்தில் சொல்கிறாள். காலம் மாறும்போது கதை சொல்கிற ஆளும் மாறுகிறார், அதனால் வாசகர் தடுமாறுவதில்லை. ஒரே பத்திக்குள் காரணமில்லாமல் மாறுவதும் இதுவும் ஒன்றா?

அப்புறம் பழைய நினைவுகள். இறந்தகாலக் கதையில் இன்னும் பின்னோக்கிப் போகும்போது முதல் ஓரிரு இடத்தில் 'ஹேட் செட்' (had said, முன்பே சொல்லியிருந்தாள்) போட்டால் போதும், பிறகு 'செட்' என்றே தொடரலாம். வரிக்கு வரி 'ஹேட்' வந்தால் வாசிக்க முடியாது. அதேபோல, 'பாட்டி எப்போதும் சொல்வாள்' என்று இன்றும் தொடர்கிற ஒன்றைக் கதைசொல்லி குறிப்பிட்டால், இறந்தகாலக் கதைக்குள்ளும் 'செஸ்' சரிதான். அது சொல்கிறவரின் இன்றைய நாள்.

சந்தேகம் வந்தால் நான் செய்வது இதுதான்: மேற்கோளுக்குள் இருப்பதை விட்டுவிட்டு, வெளியே இருப்பதை மட்டும் உரக்கப் படிப்பேன். 'ஷி ஓபன்ட் த டோர், ஷி செஸ், ஷி சாட் டவுன்.' இடறுகிற இடம் உடனே தெரிந்துவிடும். அந்த வரியைத் திருத்தி ஒரு சிறு குறிப்பாவது அடுத்த வாரம் போடுங்கள், புதிதாக எழுத வருகிறவர்கள் அதை நம்பிக்கொண்டிருப்பார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர்