'ஜெய் ஹிந்த்' யாருடையது?

ஆசிரியருக்கு,

தங்கள் பத்திரிகையின் பொது அறிவுப் பகுதியில் 'ஜெய் ஹிந்த்' முழக்கத்தை உருவாக்கியவர் இந்திய விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை என்று ஒரே வரியில் விடை போட்டிருந்தீர்கள். பிள்ளைகள் அதை அப்படியே கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தார்கள். தமிழர் பெயர் என்றால் எங்களுக்கும் சந்தோசம்தான். ஆனால் விசயம் அவ்வளவு லேசானதல்ல.

அவர் 1907இலேயே அதை முழங்கினார் என்பவர்கள் உண்டு. அப்போது அவருக்குப் பதினைந்து பதினாறு வயது! அவர் 1934இல் பெர்லினில் இறந்துவிட்டார். சுபாஸ் சந்திர போசின் ஆட்கள் அங்கே அதை வணக்கமாக ஏற்றுக்கொண்டது 1941இல். அதைச் சொல்லிக்கொடுத்தவர் போசின் செயலாளர், ஐதராபாத்தைச் சேர்ந்த ஆபித் ஹசன் என்பதே பலரின் கருத்து. இந்துக்கள், முஸ்லிம்கள், சீக்கியர் தத்தமக்கென வேறு வேறு வணக்கம் வைத்திருந்த போசின் படையில் எல்லாருக்கும் பொதுவான ஒன்று தேவைப்பட்டதாம். எனக்கு இந்தக் கதைதான் நம்பும்படி இருக்கிறது.

எங்கள் இலங்கை நாட்டு முழக்கத்தையும் பாருங்கள். 'ஒரே நாடு, ஒரே சட்டம்' என்று 2021 ஒக்டோபரில் அரசாங்கத்தார் 13 பேர் கொண்ட செயலணி அமைத்தார்கள். அதில் தமிழர் ஒருவரும் இல்லை. சத்தம் எழுந்த பிறகுதான் சேர்த்தார்கள். யார் சொன்னது, யாரைச் சேர்த்துச் சொன்னது என்று பிள்ளைகள் கேட்டால் நல்லதுதானே?

அடுத்த முறை அந்த விடையோடு ஆபித் ஹசன் பெயரையும் போடுங்கள். இடம் போதாவிட்டால் ராசிபலனில் இரண்டு வரி குறைக்கலாம்.

ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
மல்லாவி.