வெடிப்புக்குப் பின் மங்கும் ஒளியையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

காமா கதிர் வெடிப்பு (விண்வெளியிலிருந்து திடீரென வந்து விரைவில் மறையும் காமா கதிர் வீச்சு) பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரை, வெடிப்போடு நின்றுவிட்டது. நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி, அதன்பின் மங்கிக்கொண்டே போகும் பின்னொளிர்விலிருந்து கிடைத்ததுதான். இந்த வெடிப்புகள் நம் பால்வெளிக்குள் நடப்பவையா, வெளியேயா என்ற சர்ச்சையே 1997 மே மாத வெடிப்பின் பின்னொளிர்வை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்த பிறகுதான் தீர்ந்தது.

தொலைநோக்கி வைத்திருக்கும் கல்லூரிகளும் இதில் பங்கெடுக்கலாம். நமக்கு நள்ளிரவாகும்போது சிலியிலும் ஹவாயிலும் பகல்; அந்த இடைவெளியில் எடுக்கும் படங்களுக்கு மதிப்பு அதிகம். ஆனால் நேரம் காத்திருக்காது. பிரகாசம் ஏறக்குறைய நேரத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். 10-வது நிமிடத்தில் 16 மேக்னிட்யூட் (பிரகாச அளவு; எண் கூடக்கூட ஒளி மங்கல்) என்றால் 100-வது நிமிடத்தில் 18.5, 1,000-வது நிமிடத்தில் 21. மொட்டைமாடியில் இருக்கும் 14 அங்குலத் தொலைநோக்கிக்கு முதல் இரண்டும் எட்டும், மூன்றாவது எட்டாது.

வெடிப்புகளைக் கண்டறியும் செயற்கைக்கோள்களில் ஃபெர்மி மட்டும் கண்ட வெடிப்பென்றால் இடம் பல பாகை அகலத்துக்குப் பரந்திருக்கும். சிறு தொலைநோக்கிகள் விட்டுவிடலாம். ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் சில நிமிடங்களில் சில ஆர்க் செகண்ட் (ஒரு பாகையில் 3,600-ல் ஒரு பங்கு) துல்லியத்தில் இடம் சொல்லும், அதைத் துரத்துங்கள். ஒரே பத்து நிமிடப் படம் வேண்டாம். 60 நொடிப் படங்கள் பத்து எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் கூட்டினால் ஒரு படத்தைவிட 1.25 மேக்னிட்யூட் ஆழம் கூடும். செயற்கைக்கோள் குறுக்கே போனாலும் ஒரு படம்தான் வீண். பான்-ஸ்டார்ஸ் என்ற வான்கணக்கெடுப்பின் பழைய படத்தில் இல்லாத புள்ளி தெரிந்தால் உடனே அறிவித்துவிடாதீர்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடுங்கள். நகர்ந்திருந்தால் சிறுகோள், மங்கியிருந்தால்தான் நம்பலாம்.

அகச்சிவப்பு வேறு உலகம். சிலிக்கான் கேமராவுக்கு 1 மைக்ரானுக்கு (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேலான அலைநீளங்களில் கண் தெரியாது. அதற்கென உள்ள கேமரா இருந்தாலும், காற்றுமண்டலத்தின் மேலடுக்கே அந்த அலைநீளங்களில் ஒளிர்ந்து, சில நிமிடங்களுக்குள் மாறிக்கொண்டிருக்கும். அதனால் பத்துப் பதினைந்து நொடிப் படங்களாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தொலைநோக்கியைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும். நகர்த்தாமல் எடுத்தால், வான ஒளியைக் கழிக்கும்போது தேடும் புள்ளியும் சேர்ந்து கழிந்துவிடும். இன்னொன்று: மேக்னிட்யூட்டை எங்கிருந்து எண்ணுவது என்பதில் வேகா, ஏபி என்று இரண்டு அளவுமுறைகள் உண்டு. டூமாஸ் என்ற அகச்சிவப்பு வான்கணக்கெடுப்பின் பட்டியல் வேகா அளவில், பான்-ஸ்டார்ஸ் ஏபி அளவில். கே பட்டையில் (சுமார் 2.2 மைக்ரான் அகச்சிவப்பு) இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 1.85 மேக்னிட்யூட். எந்த அளவென்று எழுதாவிட்டால் பிரகாசக் கணக்கு ஐந்து மடங்குக்கு மேல் பிசகும்.

2009 ஏப்ரல் 23 வெடிப்பைப் பாருங்கள். அதன் செந்நகர்வு 8.2; அதாவது பிரபஞ்ச விரிவால் அதன் ஒளியின் அலைநீளம் 9.2 மடங்காக நீண்டு நம்மை அடைந்தது. 0.1216 மைக்ரானுக்குக் கீழுள்ள ஒளியை இடையிலுள்ள ஹைட்ரஜன் விழுங்கிவிட, அந்த எல்லை நம்மிடம் வரும்போது 1.12 மைக்ரானுக்கு நகர்ந்திருந்தது. கண்ணுறு ஒளியில் ஒன்றுமில்லை, அகச்சிவப்பில் இருந்தது. தொலைவைக் காட்டிக்கொடுத்ததே அந்த 'ஒன்றுமில்லை'தான். எனவே எதுவும் தெரியாவிட்டாலும் அறிக்கை அனுப்ப வேண்டும்: எந்த ஃபில்டர், வெடித்து எத்தனை நிமிடம், எத்தனை மேக்னிட்யூட் வரை பார்த்தும் தெரியவில்லை என்று. இம்மூன்றும் இல்லாத "தெரியவில்லை" யாருக்கும் பயன்படாது.

அடுத்த வெடிப்புச் செய்தியைப் போடும்போது, ஒரு வாரம் கழித்து அதன் ஒளி எப்படி மங்கியது என்பதையும் வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வானியல் பயிற்றுநர்கள்,
வேலூர்