பாலாற்றுக் கிணறுகளில் இறங்கிய உப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘முதலில் பொருளாதாரம் வளரட்டும், காசு சேர்ந்தபின் சுற்றுச்சூழலைச் சரிசெய்துகொள்ளலாம்’ என்ற வாதத்துக்கு 1991-இல் கிராஸ்மேன், குரூகர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் செய்த ஆய்வை ஆதாரம் காட்டுகிறார்கள். மக்களின் வருமானம் ஓர் அளவைத் தாண்டினால் நகரக் காற்றில் கந்தக டை ஆக்சைடு குறைகிறது என்றது அந்த ஆய்வு. அது காற்று. புகை வருவது நின்றால் சில நாட்களில் தெளிந்துவிடும். நிலத்தடி நீரில் இறங்கிய உப்பு அப்படிப் போகாது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் ஏற்றுமதி வளர வளரக் கிணறுகள் உவர்ந்துபோனது இதனால்தான்.

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க 100 கிலோவுக்கு 40 கிலோ வரை உப்பு போடுகிறார்கள். தோல் பதனிடும் டேனரிக்கு வந்ததும் முதல் வேலை அதை ஊறவைத்துக் கழுவுவது. அந்த ஊறல் நீரில் லிட்டருக்கு 30,000 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்பு இருக்கும். வெளியேற்ற அனுமதிக்கப்பட்ட அளவோ 2,100. பொது சுத்திகரிப்பு நிலையத்தின் நுண்ணுயிர்த் தொட்டிகள் அழுகும் பொருளைத் தின்னும், நாற்றத்தைக் குறைக்கும். உப்பை அவற்றால் தொட முடியாது. ஆண்டில் பெரும்பகுதி பாலாறு வெறும் மணல். கலந்து நீர்த்துப்போக ஓடும் தண்ணீர் இல்லாததால் உப்பு நேரே கிணற்றுக்கு இறங்குகிறது. தோல் மண்டலத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழானதாக உச்ச நீதிமன்றமே 1996 தீர்ப்பில் எடுத்துச் சொல்லியது.

இதில் யார் எதை இழந்தார்கள் என்பதே முக்கியம். வசதியுள்ளவர் ஆழமாக போர் போட்டுக்கொண்டார், கேன் தண்ணீருக்கு மாறினார். இரண்டு ஏக்கர்க்காரருக்கு முதலில் நெல் போனது, பிறகு தென்னை போனது. கடைசியில் நிலத்துக்கு விலையும் இல்லை. அவர் வீட்டுப் பெண்கள் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். அந்தக் கூலியை வளர்ச்சிக் கணக்கில் சேர்க்கிறோம், இழந்த விளைச்சலை எந்தக் கணக்கிலும் கழிப்பதில்லை. 2001-இல் இழப்பீட்டு ஆணையம் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் என நிர்ணயித்தது. தலைக்குச் சராசரி 9,200 ரூபாய்கூட இல்லை. அதை வைத்து ஒரு போர் போட முடியாது.

வழி இல்லாமல் இல்லை. ஊறவைக்கும் முன் தோலைத் துளையிட்ட டிரம்மிலோ சட்டத்திலோ போட்டு உதறினால் 100 கிலோவுக்கு 5 முதல் 10 கிலோ உப்பு காய்ந்த நிலையிலேயே வந்துவிடும். தோலைப் பதனிட்டபின் மிஞ்சும் குரோம் நீரைத் தனிக் குழாயில் பிடித்து, மெக்னீசியம் ஆக்சைடு சேர்த்து, கார அமிலத்தன்மையை (pH) 8-க்கு மேல் கொண்டுபோனால் குரோமியம் அடியில் படியும். படிந்ததைக் கந்தக அமிலத்தில் கரைத்துப் புதுக் குரோமுடன் கலந்து மறுபடி பயன்படுத்தலாம். அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனம் இதை என்றோ கற்றுக்கொடுத்துவிட்டது.

கெடுவது நடைமுறையில். குரோம் நீரும், தோலின் முடியை நீக்கிய சுண்ணாம்பு நீரும் ஒரே சாக்கடையில் கலந்துவிட்டால் மீட்க வழியில்லை, எல்லாம் நச்சுக் கசடாகிறது. ஊறல் நீரை உலர்த்தும் பாத்திகள் கோடையில் காயும், ஐப்பசி மழையில் நிரம்பி வழியும். பாத்தியில் வழித்தெடுத்த உப்பை வெட்டவெளியில் குவித்தால் அடுத்த மழையில் அது மறுபடி மண்ணுக்குள்தான் போகும். உப்பைப் பிரிக்கும் சவ்வூடு வடிகட்டி (RO) சுண்ணாம்பால் அடைபடும். அது ஒதுக்கிய உவர்நீரைக் காய்ச்சும் ஆவியாக்கிக்கு மின்சாரமும் நீராவியும் ஏராளமாக வேண்டும். செலவைச் சுருக்க நினைக்கும் ஆலை முதலில் நிறுத்துவது அதைத்தான். கூலிக்குத் தோல் பதனிடும் சிறு டேனரிக்கு இந்தச் செலவைத் தாங்கும் லாபம் கிடையாது. கடையில் ஷூவுக்கு வாடிக்கையாளர் கொடுக்கும் விலையில் மிகச் சிறு துண்டுதான் அதன் கைக்கு வருகிறது. அதனால் சட்டம் சிறு டேனரியை மட்டும் பிடித்தால் போதாது. ஏற்றுமதியாளரும் வாங்கும் கம்பெனியும் சதுர அடி விலையில் சுத்திகரிப்புச் செலவைத் தனி இனமாகக் காட்டிக் கொடுக்க வேண்டும்.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம், அரசு முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்கட்டும் என்றும், சேதம் சரியாகும்வரை மாசுபடுத்தியவரின் பொறுப்பு தீராது என்றும் கூறியது. சேதம் சரியாகிறதா என்று அளந்தால்தானே தெரியும்? பாதிக்கப்பட்ட ஒவ்வொரு ஊரிலும் குறிப்பிட்ட சில கிணறுகளின் உப்பளவையும் குரோமியத்தையும் மாதந்தோறும் அளந்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிவைக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்பாடு செய்ய வேண்டும். சுத்திகரிப்பு நிலையங்களின் ஆவியாக்கி ஓடுகிறதா என்று தெரிய அதற்குத் தனி மின்மீட்டர் வைத்து, அந்த அளவையும் அதே சுவரில் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் துறை வாசகர்,
ஆம்பூர்