ஆர்வங்கள் என்ற தலைப்பில் எதை எழுதுவது?

அன்புள்ள அம்முவுக்கு,

நீ அனுப்பிய வரைவைப் படித்தேன். நீ புதிதாக ஆசிரியராகச் சேர்ந்திருக்கும் டிசைன் துறையின் இணையப் பக்கத்தில் உன் படத்துக்குக் கீழே வரப்போகிற இரண்டு பத்திகள், ஒன்று கற்பித்தல் ஆர்வங்கள், இன்னொன்று ஆய்வு ஆர்வங்கள். பயனர் அனுபவம், சேவை வடிவமைப்பு, நிலைத்தன்மை, சமூகப் புதுமை, செயற்கை நுண்ணறிவு என்று வரிசையாகப் போட்டிருக்கிறாய். தவறாக ஒன்றும் இல்லை, ஆனால் டிசைன் துறையில் யார் வேண்டுமானாலும் இதையே எழுதிக் கையெழுத்துப் போடலாம். வேலையில் சேர்ந்த புதிதிலேயே இதைச் சரியாக யோசித்துவிட்டால் பின்னால் நிறைய அலைச்சல் மிச்சம் என்று தோன்றியது, அதனால்தான் போனில் சொல்லாமல் நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

உன் ஆராய்ச்சிப் படிப்பு முழுக்க நீ தேடியது என்ன? பல மருந்துகள் சாப்பிடுகிற வயதானவர்கள் எந்த மாத்திரை எது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைத்தானே. மாத்திரை அட்டையில் இருக்கும் எழுத்தை அவர்கள் பெரும்பாலும் படிப்பதே இல்லை, நிறத்தையும் வடிவத்தையும் வைத்துத்தான் எடுக்கிறார்கள் என்று நீ சொன்னபோது உன் குரலில் இருந்த வேகம் இந்த வரைவில் எங்கே போயிற்று? 2014-இல் வந்த அந்த அமெரிக்க ஆய்வை நீதான் எனக்குக் காட்டினாய். மாரடைப்புக்குப் பிறகு தொடர்ந்து மருந்து சாப்பிட வேண்டியவர்களில், மாத்திரையின் நிறம் மாறியவர்கள் மருந்தை நிறுத்திவிடும் சாத்தியம் 34 சதவீதமும், வடிவம் மாறியவர்களிடம் 66 சதவீதமும் கூடியிருந்தது. உள்ளே இருக்கும் மருந்து அதேதான், கம்பெனி மட்டும் வேறு. நிறமும் வடிவமும் ஒரு மனிதரின் உயிர் வரைக்கும் போகிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? பயனர் அனுபவம் என்ற இரண்டு வார்த்தைக்குள் இதைப் போட்டு மூடிவிட்டாய், அதுதான் எனக்கு ஆறவில்லை.

அதனால் ஆர்வம் என்று கேட்கிற இடத்தில் உன் கேள்வியை எழுது. துறைகளின் பெயர்கள் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மாறும், எனக்குத் தெரிந்தே எத்தனையோ பெயர்கள் வந்து போய்விட்டன. கேள்வி அப்படி மாறாது. உன்னிடம் சேர நினைக்கும் மாணவரும் சரி, உன்னோடு சேர்ந்து வேலை செய்ய நினைக்கும் மருந்தியல் ஆசிரியரும் சரி, அந்தக் கேள்வியைப் பார்த்துத்தான் கதவைத் தட்டுவார்கள்.

அப்புறம், கற்பித்தல் ஒரு பக்கம், ஆய்வு ஒரு பக்கம் என்று நீ பிரித்திருக்கும் விதம். படிவம் அப்படிக் கேட்கிறது, சரி, இரண்டு பத்தியாகவே எழுது. ஆனால் உன் மனதில் அவை இரண்டாக இருந்தால் கொஞ்ச நாளில் ஒன்று இன்னொன்றின் நேரத்தைத் திருடுவதாகத் தோன்ற ஆரம்பித்துவிடும். வகுப்பைச் சுமையாகப் பார்க்கிற ஆசிரியர்கள் அப்படித்தான் உருவாகிறார்கள். டிசைனில் இது ரொம்பவே வீணான பிரிவினை, ஏனென்றால் இந்தத் துறையின் அறிவில் பெரும்பகுதி ஸ்டூடியோவில்தான், அதாவது மாணவர்கள் செய்து பார்த்துக் கற்கும் வகுப்பில்தான், பிறந்திருக்கிறது. ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸைப் பார். ஜெர்மனியின் பௌஹௌஸ் டிசைன் பள்ளி, அமெரிக்காவின் பிளாக் மவுண்டன் கல்லூரி, யேல் பல்கலைக்கழகம் என்று வாழ்நாள் முழுக்க வகுப்பு எடுத்தவர். ஒரே நிறம் பின்னணி மாறினால் வேறு நிறமாகத் தெரிவதையும், வேறு வேறு நிறங்கள் ஒன்றுபோலத் தெரிவதையும் வண்ணக் காகிதத்தை வெட்டி வைத்து மாணவர்களே கண்ணால் கண்டுபிடிக்க வைத்தார். அந்தப் பயிற்சிகள்தான் 1963-இல் வந்த அவருடைய நிறங்களைப் பற்றிய புத்தகம், அதைத் தன் மாணவர்களுக்கான நன்றி என்று சொல்லித்தான் தொடங்குகிறார். வகுப்பிலிருந்து ஆய்வை உருவி எடுத்திருந்தால் அங்கே மிச்சம் ஒன்றுமே இருந்திருக்காது.

உன் விஷயத்திலும் அப்படியே பார்க்கலாம். முதல் வருட டைபோகிராஃபி (எழுத்து வடிவமைப்பு) வகுப்பு உன் தலையில் விழுந்திருக்கிறது என்று அலுத்துக்கொண்டாய். அம்மு, அது உனக்குக் கிடைத்த வரம். எழுத்தின் அளவு, வரி இடைவெளி, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாடு என்று வரிசையாகச் சொல்லிக்கொடுப்பதற்குப் பதிலாக, முதல் வாரமே ஆளுக்கொரு மாத்திரை அட்டையைக் கொடுத்து, மங்கலான வெளிச்சத்தில், கண்ணாடி இல்லாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வரச் சொல். அட்டையைக் கிழிக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் சேர்ந்து கிழிந்துபோவதை அவர்களே பார்த்துவிட்டு வருவார்கள். அதற்குப் பிறகு நீ எழுத்தின் அளவைப் பற்றிப் பேசினால் காது கொடுத்துக் கேட்பார்கள். அவர்கள் கொண்டுவரும் குறிப்புகளில் நீ எதிர்பார்க்காத ஒன்றிரண்டு நிச்சயம் இருக்கும்.

மாணவர் வேலைதானே என்று குறைவாக நினைக்காதே. டெபோரா ஆட்லர் நியூயார்க்கில் டிசைன் முதுகலை மாணவியாக இருந்தபோது, அவருடைய பாட்டி, தாத்தாவின் மாத்திரையைத் தவறுதலாகச் சாப்பிட்டுவிட்டார். அதிலிருந்து தொடங்கியதுதான் அவருடைய ஆய்வேடு. மருந்தின் பெயர் உச்சியில், தட்டையான பக்கத்தில் தெளிவான லேபிள், வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிற வளையம் என்று அவர் யோசித்து வளர்த்த மருந்துப் புட்டியை 2005-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகள் கிளியர்ஆர்எக்ஸ் என்ற பெயரில் கொண்டுவந்தன. ஒரு மாணவி ஸ்டூடியோவில் கேட்ட கேள்வி அது.

நீ எழுதிய கற்பித்தல் பத்தியில் மென்பொருள்களின் பெயர்கள் நாலு இருக்கின்றன. தயவுசெய்து அவற்றை எடுத்துவிடு. நாம் உண்மையில் கற்றுக்கொடுப்பது யோசிக்கும் பழக்கத்தை. டிசைனர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த பிரையன் லாசனின் பழைய சோதனை ஞாபகம் இருக்கிறதா? கட்டடக்கலை மாணவர்களுக்கும் அறிவியல் மாணவர்களுக்கும் ஒரே புதிரைக் கொடுத்தார், நிறக் கட்டைகளை அடுக்க வேண்டும், ஆனால் எந்தக் கட்டை எதோடு சேர வேண்டும் என்ற விதி மறைவாக இருக்கும். அறிவியல் மாணவர்கள் முதலில் விதியைக் கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். கட்டடக்கலை மாணவர்கள் நல்லதாகத் தோன்றிய ஒரு விடையை அடுக்கிக் காட்டி, அது தவறென்றால் அடுத்ததை முயன்று, அப்படி முயன்றே பிரச்சினையைப் புரிந்துகொண்டார்கள். படிப்பைத் தொடங்காத பிள்ளைகளிடம் இந்த வித்தியாசம் அப்படித் தெரியவில்லை. அப்படியென்றால் அந்தப் பழக்கம் பயிற்சியில் வந்தது, யாரோ பல வருடம் மேஜைக்கு மேஜை போய் உட்கார்ந்து பேசியதால் வந்தது. உன் வேலை அதுதான்.

மேஜையில் உட்கார்ந்து பேசுவதைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் ஓர் ஆசிரியரின் ஆர்வம் என்ன என்பது எந்தப் பக்கத்திலும் தெரிவதைவிட அங்கேதான் வெளிச்சமாகத் தெரியும். தொழில் செய்பவர்கள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று ஆராய்ந்த டொனால்ட் ஷோன் 1983-இல் எழுதிய புத்தகத்தில் ஒரு ஸ்டூடியோ உரையாடலை வரி வரியாகப் பிரித்துக் காட்டுவார். ஒரு மாணவி, பள்ளிக்கூடம் ஒன்றை வரைகிறாள், நிலம் சரிவாக இருப்பதால் கட்டடம் எப்படி வைத்தாலும் உட்கார மாட்டேன் என்கிறது. ஆசிரியர் பக்கத்தில் வந்து பென்சிலை எடுத்து, வரைந்துகொண்டே பேசுகிறார், இப்படி வைத்தால் என்ன ஆகும், ஆனால் அங்கே அது கெடுகிறதே, அப்போ இங்கே மாற்றலாம் என்று கோடும் பேச்சும் ஒன்றாகவே ஓடுகின்றன. ஒரு கோடு போட்டால் நிலைமை ஏதோ பதில் சொல்கிறது, அந்தப் பதிலைக் கேட்டு அடுத்த கோடு. ஷோன் அதைத் தொழில் செய்பவர்களின் அறிவு என்று எடுத்துக் காட்டியதால்தான், சொல்லிக்கொடுக்க முடியாத திறமை என்று ஒதுக்கிவைத்த ஒன்றைப் பல்கலைக்கழகங்களில் உட்கார்ந்து பேச முடிந்தது.

ஆனால் பென்சிலை எப்போது கையில் எடுக்க வேண்டும், எப்போது எடுக்கக் கூடாது என்பது தனிப் பாடம். நீ சீக்கிரம் வரைந்து காட்டிவிட்டால் மாணவர் அதையே திரும்ப வரைவார். 1991-இல் ஜான்சன், ஸ்மித் இருவரும் பொறியியல் மாணவர்களை வைத்துச் செய்த சோதனை இதைத்தான் காட்டியது. சிந்தாத காபிக் கோப்பை ஒன்றை வடிவமைக்கச் சொன்னார்கள், ஸ்ட்ரா வைக்கக் கூடாது என்று எழுத்தில் விதியும் போட்டார்கள், கூடவே ஒரு குழுவுக்கு மட்டும் ஸ்ட்ரா வைத்த ஒரு மாதிரிப் படத்தைக் காட்டினார்கள். அந்தக் குழு, விதி கண்ணெதிரே இருந்தும், மற்றக் குழுவைவிட அதிகமாக ஸ்ட்ராவோடு வரைந்தது. இப்போது படம் உருவாக்கும் மென்பொருளில் முதல் நாளே பளபளப்பான முடிந்த படம் வந்துவிடுகிறது, மாணவர்கள் அதற்குள்ளேயே சிக்கிக்கொள்கிறார்கள் என்று நீ போன வாரம் புலம்பினாயே, அதைச் செயற்கை நுண்ணறிவு என்ற ஒற்றை வார்த்தையாக எழுதாமல் இந்தக் கேள்வியாக எழுது: முடிந்த படத்தை எந்தக் கட்டத்தில் காட்டினால் யோசனை விரியும், எந்தக் கட்டத்தில் சுருங்கும்? இது வகுப்பிலேயே தேடக்கூடிய ஆய்வு.

ஆய்வுப் பத்திக்கு வருகிறேன். நீ செய்யும் சோதனை லேபிள்கள் ஆய்வுதானா, வெறும் புராஜெக்ட்டா என்று குழுவில் யாரோ கேட்டதில் நீ வாடிப்போனது எனக்குத் தெரியும். கேள்வி பழையது, வாடாதே. கலைக் கல்வியாளர் கிறிஸ்டபர் ஃப்ரேலிங் 1993-இலேயே இதைப் பிரித்து வைத்தார். டிசைனைப் பற்றிய ஆய்வு ஒன்று, வரலாறு, அழகியல் போல. டிசைனுக்காகத் தகவல் சேர்ப்பது இன்னொன்று. செய்து பார்ப்பதன் வழியாகவே அறிவது மற்றொன்று. உன்னுடையது கடைசி வகை. அதில் ஒரே ஒரு கடமை உண்டு, அதில் மட்டும் சலுகை கிடையாது: எதை மாற்றினாய், ஏன் மாற்றினாய், யாரிடம் கொடுத்துப் பார்த்தாய், எங்கே தோற்றது என்று தேதி போட்டு எழுதிவைக்க வேண்டும். நாளைக்கு வேறொருவர் உன் குறிப்பைப் படித்து அந்த இடத்திலிருந்து தொடர முடிந்தால் அது ஆய்வு. அழகான பொருள் மட்டும் மிஞ்சினால் நல்ல தொழில், அவ்வளவுதான். தோற்ற லேபிள்களைத் தூக்கி எறியாதே, அவற்றில்தான் உனக்கு இரண்டு ஆய்வுப் பேப்பர் இருக்கிறது.

யாரோடு சேர்ந்து செய்கிறாய் என்பதையும் பத்தியில் சொல். ஸ்காண்டிநேவியாவில் 1981 முதல் 1985 வரை நடந்த யுடோபியா திட்டத்தில் ஆய்வாளர்கள் அச்சுத் தொழிலாளர் சங்கத்தோடு உட்கார்ந்து, இன்னும் வராத கம்ப்யூட்டர்களையும் பிரிண்டர்களையும் அட்டைப் பெட்டியிலும் காகிதத்திலும் செய்து வைத்து, தொழிலாளர்களை அதில் வேலை செய்து பார்க்கச் சொன்னார்கள். அட்டைப் பெட்டி என்பதால் யாருக்கும் பயம் இல்லை, பிடிக்காததை அங்கேயே கத்தரியால் வெட்டி மாற்ற முடிந்தது. உன் பெரியவர்களிடமும் கம்ப்யூட்டரில் செய்த மாதிரியைக் கொண்டுபோய்க் கருத்துக் கேட்காதே, நன்றாக இருக்கிறதம்மா என்று மரியாதைக்குச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். காகிதம், பேனா, ஒட்டுத்தாள் கொடுத்து அவர்களையே ஒட்டச் சொல்.

இன்னொரு விஷயத்தில் உன்னை நான் கண்டிப்பாகப் பிடித்துக்கொள்வேன். வகுப்பும் ஆய்வும் ஒன்றாகப் போகட்டும் என்று சொன்னேன், அதைச் சாக்காக வைத்து மாணவர்களை உன் ஆய்வுக்குச் சம்பளம் இல்லாத உதவியாளர்களாக்கிவிடாதே. நீ கொடுக்கும் பிரீஃப், அதாவது வேலைக் குறிப்பு, அவர்கள் கற்பதற்காக இருக்க வேண்டும், அவர்களின் வேலை உன் பேப்பரில் வந்தால் பெயரோடு வர வேண்டும், முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும், வேண்டாம் என்று சொன்னவரின் மதிப்பெண்ணில் ஒரு புள்ளி குறையக் கூடாது. இதைச் செய்யாத பெரிய மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். எத்தனை பேப்பர் எழுதினாலும் அவர்கள் மேல் எனக்கு மரியாதை வந்ததே இல்லை.

பத்தியைக் கொஞ்சம் இப்படித் தொடங்கிப் பார்க்கலாம், அப்படியே எடுக்காதே, உன் வார்த்தையில் மாற்று: "பல மருந்துகள் சாப்பிடும் வயதானவர்கள் ஒரு மாத்திரையை இன்னொன்றிலிருந்து எப்படிப் பிரித்தறிகிறார்கள், எங்கே தவறுகிறார்கள் என்று அவர்களோடு சேர்ந்து லேபிள்களையும் அட்டைகளையும் செய்து பார்த்துத் தேடுகிறேன். முதல் வருட டைபோகிராஃபி ஸ்டூடியோவில் மாணவர்கள் எழுத்தை வரைவதற்கு முன் அதைப் படிப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார்கள்." இரண்டே வாக்கியம். மீதியை நீ போட்டுக்கொள். நிலைத்தன்மை என்பதை வைக்கத்தான் வேண்டும் என்றால், அந்த அலுமினியமும் பிளாஸ்டிக்கும் ஒட்டிய அட்டையை மறுசுழற்சி செய்வது ஏன் இவ்வளவு கஷ்டம் என்ற உன் அடுத்த கேள்வியாக வை, அதுவும் உன்னுடையதுதானே.

துறைத் தலைவர் எல்லாருக்கும் ஒரே மாதிரி சொற்கள் வேண்டும் என்று சொன்னால், தேடுவதற்கான குறிச்சொற்களாக அந்த ஐந்தையும் கீழே போட்டுவிடு, சண்டை வேண்டாம்.

திருத்திய வரைவை அனுப்பும்போது முதல் வருடத்துக்கு நீ எழுதியிருக்கும் பிரீஃப்பையும் சேர்த்து அனுப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டுச் சொல்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா