வட சென்னைக்குக் குறுக்கே ஓடும் பஸ் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டபோது வட சென்னைக்கு 9 கி.மீ. புதிய பாதை கிடைத்தது. கும்மிடிப்பூண்டி மின்ரயில் அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே ஓடுகிறது. மாதவரத்திலிருந்து மூலக்கடை, பெரம்பூர் வழியாக இரண்டாம் கட்ட மெட்ரோ வேலையும் நடக்கிறது. எல்லாமே தெற்கு வடக்காகப் போகிற பாதைகள். கொடுங்கையூரிலும் எம்.கே.பி. நகரிலும் இருப்பவர் தண்டையார்பேட்டை மெட்ரோவுக்கு வர வேண்டுமென்றால் குறுக்கே, ரயில் தண்டவாளத்தைத் தாண்டி வர வேண்டும். வட சென்னையின் போக்குவரத்து அறுந்து கிடப்பது அங்கேதான்.

"பஸ்ஸைக் கூட்டுங்கள்" என்று எல்லோரும் கேட்கிறோம். கேட்பதற்கு முன் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். மூலக்கடையிலிருந்து தண்டையார்பேட்டை மெட்ரோ வரை 6 கி.மீ. தடம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 12 கி.மீ. வேகத்தில் போக அரை மணி, வர அரை மணி, இரு முனையிலும் ஐந்தைந்து நிமிடம் நிற்க. ஒரு நடைக்கு மொத்தம் 70 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வேண்டுமானால் 7 பஸ் போதும். ரயில்வே கேட்டிலோ கன்டெய்னர் லாரி வரிசையிலோ போகும்போது பத்து, வரும்போது பத்து நிமிடம் மாட்டினால் 70 என்பது 90 ஆகிவிடும். அப்போது 9 பஸ் தேவை. கூடுதலாக வந்த இரண்டு பஸ், அதன் ஓட்டுநர், நடத்துநர், மின்சாரம் எல்லாம் நெரிசலுக்கே தீனி. பயணிக்கு ஒரு நடைகூடக் கூடவில்லை.

இதைவிட மோசமானது இன்னொன்று. கேட் மூடியிருக்கும்போது பின்னால் வரும் பஸ் முன்னதைப் பிடித்துவிடும். திறந்ததும் இரண்டும் ஒட்டிக்கொண்டே போகும். முன்பஸ்ஸில் படிக்கட்டு வரை ஆள், பின்பஸ்ஸில் காலி சீட். அதே 7 பஸ்ஸை வைத்து 90 நிமிட நடையை ஓட்டினால் ஏறக்குறைய 13 நிமிடத்துக்கு ஒன்று வர வேண்டும். அவை 26 நிமிடத்துக்கு ஒரு ஜோடியாக வந்தால், நிறுத்தத்தில் நிற்பவரின் சராசரிக் காத்திருப்பு ஆறரை நிமிடத்திலிருந்து 13 நிமிடமாக இரட்டிக்கிறது. பஸ் எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதற்கு மருந்து, முனையில் நின்று பஸ்களை அனுப்பும் டைம் கீப்பரின் கையில் இருக்கிறது. நேரத்தாளைப் பார்த்து அனுப்பினால், தாமதமாகச் சேர்ந்து வந்த பஸ்களையெல்லாம் உடனே விரட்டத்தான் தோன்றும். இடைவெளியைப் பார்த்து அனுப்ப வேண்டும்: முன்னால் போனது கிளம்பிப் பத்து நிமிடம் ஆனதா? ஆகாவிட்டால் நிறுத்தி வை. பஸ்களில் ஜி.பி.எஸ். இருப்பதால் இது இன்று எளிது. ஆனால் நடை எண்ணிக்கையை வைத்து ஊழியரின் வேலையை அளந்தால் யாரும் நிற்க மாட்டார்கள். நிறுத்தி வைத்த நேரத்தையும் பணியாகவே எழுத வேண்டும். ஊழியரின் படிப் பணத்தில் கை வைக்கக் கூடாது.

அடுத்தது சாலை. பஸ்ஸின் அகலம் இரண்டரை மீட்டர். இரண்டு பஸ் எதிரெதிரே தயங்காமல் போக ஆறரை மீட்டராவது வேண்டும். 10 மீட்டர் சாலையில் இரு ஓரமும் லாரி நின்றால் ஐந்து மீட்டர் போய்விட்டது. ஒரு பஸ் பின்வாங்க, பின்னால் ஆட்டோக்கள் முட்டிக்கொண்டு நிற்க, கேட்டே இல்லாத இடத்திலும் கேட் விழுந்துவிடுகிறது. ஒரு ஓரத்து லாரிகளை மட்டும் எடுத்தால்கூட ஏழரை மீட்டர் கிடைக்கும். சாலையை அகலப்படுத்த வீடுகளை இடிக்கத் தேவையே இல்லை.

நிறுத்தத்துக்காக ஓரத்தைக் குடைந்து பஸ் பே கட்டும் பழக்கத்தையும் விட வேண்டும். உள்ளே நுழைந்த பஸ்ஸுக்கு வெளியே வர யாரும் வழி விடுவதில்லை. அதனால் ஓட்டுநர் நடுச்சாலையிலேயே நிறுத்துகிறார், கிழவி ஒருத்தி சாலையில் இறங்கி நின்று ஏறுகிறாள். நடைபாதையையே பஸ் வரை நீட்டிக் கட்டலாம். 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து ஓடத் தொடங்கிய தாழ்தள மின்சார பஸ்களின் தளம் தரையிலிருந்து சுமார் 40 செ.மீ. நடைபாதை 15 செ.மீ. உயரம் இருந்தால் ஏற வேண்டியது 25 செ.மீ.தான். நடைபாதை இல்லாத இடத்தில் தாழ்தளத்தின் பாதிப் பயன் வீண்.

மழைக்காலத்துக்குத் தனி ஏற்பாடு வேண்டும். கணேசபுரம் சுரங்கப்பாதை மழைக்கு மழை மூழ்கியதை ஊரே அறியும். அப்படி வழி அடைபட்டால் மொத்தத் தடத்தையும் ரத்து செய்யாமல், தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று தடத்தை வெட்டி ஓட்டலாம். எந்த பஸ் எங்கே திரும்பும் என்பதை அக்டோபருக்கு முன்பே எழுதி, பணிமனையில் ஒட்டி வைத்திருக்க வேண்டும். தண்ணீர் ஏறிய பிறகு போனில் கேட்டு முடிவெடுப்பது பலிக்காது.

கட்டணத்தைப் பற்றி ஒன்று. 2021 மே முதல் பெண்கள் சாதாரணக் கட்டண பஸ்ஸில் இலவசமாகப் போகிறார்கள். மெட்ரோ இணைப்பு என்று பெயர் சூட்டி டீலக்ஸ் போர்டு மாட்டினால், வேலைக்குப் போகும் பெண்கள் அதில் ஏற மாட்டார்கள். பஸ் காலியாக ஓடும், "கூட்டம் இல்லை" என்று தடமும் நின்றுபோகும்.

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டம் வந்தது 2010-ல். பஸ், ரயில், சாலை மூன்றையும் ஒரே மேஜையில் வைத்துப் பேசத்தான் அந்த அமைப்பு. மூலக்கடை–தண்டையார்பேட்டை தடத்தை மூன்று மாதம் இடைவெளி முறையில் ஓட்டிப் பார்க்கட்டும். காலை 7 முதல் 10 மணி வரை பஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் உண்மையில் இருந்த இடைவெளியை வாரந்தோறும் நிறுத்தத்திலேயே எழுதி ஒட்டட்டும்.

இப்படிக்கு,
போக்குவரத்துத் திட்டமிடலில் பணிபுரியும் சிலர்,
தண்டையார்பேட்டை, சென்னை.